கடைசி அரை மைல்: ஓய்விடத்தை நெருங்குவோரின் நடத்தை பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஓய்விடங்களைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. நடையைப் பற்றி எழுதியவர்கள் அதைவிட அதிகம். ஆனால் முதுகில் மூட்டையோடு நடக்கும் ஒருவர், தேநீர்க் கடை பக்கத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட நொடிக்கும் அங்கே நாற்காலியில் உட்காரும் நொடிக்கும் நடுவே கிடக்கும் நிலப்பரப்பை எவரும் முறையாக ஆராயவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் லண்டன் மாநகரம். நிதியுதவி ஏதும் பெறப்படவில்லை, கேட்கப்பட்டது.

முன்னோர் ஆய்வுகளிலிருந்து தொடங்குவதே மரபு. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் வாங்கிவிட்டுத் திரும்புகிறவன், இனிப் போகவேண்டியவனுக்கு வழி சொல்லும் நூல்கள். சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொண்டால், நல்லியக்கோடனின் ஓய்மா நாட்டுக்குப் போகும் வழியில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் ஆமான் இறைச்சியோடு சோறு, ஆமூரில் நண்டுக் கலவை என்று ஊர் ஊராகச் சாப்பாட்டுப் பட்டியலே இருக்கிறது. மலைபடுகடாம் இன்னும் பொறுப்பானது. தினைப்புனத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், இருட்டில் போகாதீர்கள் என்று எச்சரிக்கிறது. எல்லாம் சரி. எயிற்பட்டினத்து அடுப்புப் புகை கண்ணில் பட்ட பிறகு பாணனின் தோள் எப்படிக் கடுத்தது, யாழ் எத்தனை மடங்கு கனத்தது என்று நூலாசிரியர் நத்தத்தனார் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அவருடைய பாணர்கள் தூக்கிப் போனது சீறியாழ், அதனால் விட்டிருக்கலாம் என்று சமாதானம் சொல்வோருக்கு ஒரு கேள்வி: பேரியாழ் தூக்கியவர்களைப் பாடிய உருத்திரங்கண்ணனாரும் ஏன் வாய் திறக்கவில்லை?

ஆங்கிலத்திலும் இதே இடைவெளிதான். சாசரின் யாத்திரிகர்கள் 14ஆம் நூற்றாண்டில் லண்டன் சதர்க்கில் இருந்த டபார்ட் விடுதியிலிருந்து கேன்டர்பரிக்குப் புறப்படுகிறார்கள். அந்த விடுதியை 1873-இல் இடித்துவிட்டார்கள். யாத்திரிகர்களோ கடைசிவரை கேன்டர்பரி போய்ச் சேரவே இல்லை. 24 கதைகளோடு நூல் நின்றுவிடுகிறது. ஆசிரியர் முடிக்காமல் இறந்துவிட்டார் என்று பேராசிரியர்கள் காரணம் சொல்கிறார்கள். இக்கட்டுரையாளர் அதை ஏற்கவில்லை. அவர்கள் கடைசி அரை மைலில் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த அரை மைல் எத்தனை அடி? இங்கே சட்டத்தின் துணை கிடைக்கிறது. எலிசபெத் அரசி காலத்தில், 1593-இல், லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் நகரங்களைச் சுற்றிப் புதுக் கட்டடங்கள் பெருகுவதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டார்கள். நகர வாயில்களிலிருந்து மூன்று மைலுக்குள் கட்டக்கூடாது என்றார்கள். மூன்று மைல் என்றால் எவ்வளவு என்று கேள்வி வருமே என்பதற்காக, 8 ஃபர்லாங், அதாவது 5280 அடி ஒரு மைல் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். இன்று இங்கிலாந்தின் சாலைத் தூரப் பலகைகளில் நிற்பது அந்த மைல்தான். கவனிக்க வேண்டியது இது: வீடு கட்டுகிறவனை மறிப்பதற்காகப் பிறந்த அளவு. நடப்பவனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு, முந்நூறு ஆண்டு கழித்து. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு வாய்பாடு கொடுத்தார். 3 மைலுக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். மலையேறுவோர் இன்றும் இதைத்தான் நம்பிப் புறப்படுகிறார்கள். இதன் குறை, எல்லா மைலையும் ஒன்றுபோல நடத்துவது. முதல் மைலும் ஏழாவது மைலும் நெய்ஸ்மித்துக்குச் சமம். அவருடைய வாய்பாட்டில் தேநீர்க் கடை எங்கே இருக்கிறது என்பதற்கு இடமே இல்லை.

லண்டனைச் சுற்றி நடப்பதற்கென்றே மூன்று பெரும்பாதைகள் உள்ளன. தேம்ஸ் பிறக்கும் இடத்திலிருந்து 180 மைலுக்கு மேல் ஆற்றோடு வரும் தேம்ஸ் பாதை. வெளி லண்டனை ஏறக்குறைய 150 மைலில் வளைக்கும் லண்டன் லூப். அதற்கு உள்ளே 78 மைலில், 15 பகுதிகளாகப் பிரிந்து கிடக்கும் கேப்பிட்டல் ரிங். எங்கள் கள ஆய்வு கேப்பிட்டல் ரிங்கின் முதல் பகுதியில் நடந்தது. உல்விச் சுரங்கநடைபாதை வாசலில் தொடங்கி, வெள்ளத்தடுப்பு மதகுகளைப் பார்த்துவிட்டு, சார்ல்டன் பூங்காக்கள் வழியே ஷூட்டர்ஸ் ஹில் ஏறி, ஃபால்கன்வுட்டில் முடியும் 7 மைல்.

துணை ஆய்வாளர், ஹாரோவில் வசிக்கும் யாழ்ப்பாணத்து நண்பர். என்னைவிட மூத்தவர், கணக்காளர். கதிர்காமத்துக்கு நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டிருக்கிறார். செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாக உகந்தைமலை சேர்ந்து, அங்கிருந்து குமண, யால காடுகளைத் தாண்டிப் போகும் பாதயாத்திரை. அதற்குப் பயிற்சியாகத்தான் அவர் முதுகுப்பையில் ஐந்து கிலோ சிவப்பரிசிப் பை இரண்டைப் போட்டுக்கொண்டு லண்டனைச் சுற்றுகிறார். அறிவியல் கண்ணோடு பார்த்தால் இதைவிடச் சீரான சுமை கிடைக்காது. வழியில் சாப்பிட்டுக் குறைக்க முடியாது.

நெய்ஸ்மித் கணக்கில் இந்த 7 மைலுக்கு 2 மணி 20 நிமிடம். ஷூட்டர்ஸ் ஹில் 132 மீட்டர்; அதற்கு ஒரு கால் மணி சேர்த்துக்கொள்ளலாம். நடையின் முக்கால்வாசிக்கு இக்கணக்கு பொய்க்கவில்லை. மரியன் பூங்காவில் நண்பர் கந்தபுராணம் சொன்னார். சார்ல்டன் மாளிகையைத் தாண்டும்போது பிரித்தானிய வரிச் சட்டம் சொன்னார். உல்விச் பொதுப் புல்வெளியில் இரண்டையும் கலந்து சொன்னார். தோள்வாரைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்டம் பொதுவெளியின் ஓரத்தில், மேலே காட்டைத் தாண்டினால் ஆக்ஸ்லீஸ் புல்வெளி உச்சியில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது என்று நான் வாய்தவறிச் சொன்னேன். அதோடு கந்தபுராணம் நின்றது.

நடத்தை மாற்றங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டேன். முதலில் பேச்சு உணவுக்குத் திரும்பியது. முட்டை, பீன்ஸ், வெண்ணெய் தடவிய டோஸ்ட் என்று அவர் ஆர்டர் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார். நான் இன்னும் பரிசாரகர் ஆகவில்லை என்று நினைவூட்ட வேண்டியிருந்தது. அடுத்து, மார்புப் பட்டையின் கொக்கியைக் கழற்றிவிட்டார். கடை வரப்போகிறதே, இனி எதற்கு என்று. கொக்கி கழன்ற பையின் எடை முழுவதும் தோளுக்கு வந்தது. ஓய்வு நெருங்குகிறது என்ற நம்பிக்கையே சுமையைக் கூட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இயந்திரவியல் சான்று வேண்டியதில்லை. மூன்றாவது, மிச்சம் வைத்திருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துத் தீர்த்தார். நான்காவது மாற்றம்தான் மிகக் கடுமையானது: வழிகாட்டிப் பலகைகளை நம்ப மறுத்தார்.

“அண்ணே, இன்னும் எவ்வளவு தூரம்?” என்று ஆய்வு நோக்கில் கேட்டேன்.

“கிட்டத்தான் தம்பி. இந்தா, அந்தத் திருப்பத்தில.”

திருப்பத்தில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் தெரிந்தது. “அதுதான் கடை” என்றார். அது செவர்ன்ட்ரூக் கோட்டை. பெயரைக் கேட்டால் ஏதோ ஸ்காட்லாந்துச் சொல் போல இருக்கும். உண்மையில் அது கொங்கணக் கரையின் சுவர்ணதுர்க்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்படைத் தளபதி வில்லியம் ஜேம்ஸ் 1755-இல் மராட்டிய ஆங்கிரேயிடமிருந்து அக்கோட்டையைப் பிடித்தார். அவர் இறந்த பிறகு, 1784-இல், மனைவி இந்த 63 அடி முக்கோணக் கோபுரத்தை நினைவுச்சின்னமாக எழுப்பினார். நம் கடற்கரைக் கோட்டை ஒன்றின் பெயர் தென்கிழக்கு லண்டன் காட்டுக்குள் வந்து நிற்பது பற்றி வேறொரு நாளில் நெடுநேரம் பேசலாம். அன்று நண்பர் அதைச் சொந்தத் துரோகமாக எடுத்துக்கொண்டார்.

இத்தகைய பொய்த்தோற்றங்கள் இவ்வாய்வுக்கு முக்கியமானவை. லண்டன் பூங்காக்களில் தேநீர்க் கடையைப் போலவே தோற்றமளிக்கும் கட்டடங்கள் ஏராளம்: தோட்டக்காரர்களின் கொட்டகை, பூட்டிக் கிடக்கும் கிரிக்கெட் அறை, பொதுக் கழிப்பறை. சாதாரண வேளைகளில் இவற்றை யாரும் கடை என்று எண்ண மாட்டார்கள். கடைசி அரை மைலில் இருப்பவருக்குக் கழிப்பறைக் கூரையில்கூடத் தேநீர் ஆவி தெரிகிறது.

சான்றுரைகளையும் பதிவு செய்தோம். எதிரே நாயோடு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மையார் “ஐந்து நிமிடம்தான்” என்றார். இப்பதிலை ஆய்வு நெறிப்படி நிராகரிக்க வேண்டியிருக்கிறது. அவர் முதுகில் ஒன்றுமில்லை. தவிர, நாய் அவரை இழுத்துக்கொண்டு போகிறது, வேகம் நாயினுடையது. நம் மதுரைப் பக்கத்தில் கேட்டால் “கூப்பிடு தூரம்” என்பார்கள். யார் கூப்பிடுவது, என்ன குரலில் என்று சொல்ல மாட்டார்கள். தூரம் சொல்கிறவர் எவருமே கேட்பவரின் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை.

உளவியலார் இங்கே குறுக்கிடுவார்கள். அமெரிக்கர் க்ளார்க் ஹல் 1932-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, உணவு நெருங்க நெருங்க எலியின் வேகம் கூடுகிறது. எலியோடு விட்டார்களா? 2006-இல் ரான் கிவெட்ஸ் முதலான ஆய்வாளர்கள் மனிதரிடமும் அதைக் காட்டினார்கள். பத்துக் காப்பி வாங்கினால் ஒன்று இலவசம் என்று அட்டை கொடுத்தால், இலவசக் காப்பி நெருங்க நெருங்க வாடிக்கையாளர் அடிக்கடி வருகிறார். இன்னொரு வேடிக்கை: பன்னிரண்டு கட்டம் உள்ள அட்டையில் இரண்டு கட்டத்தில் முன்கூட்டியே முத்திரை குத்திக் கொடுத்தால், வாங்க வேண்டியது அதே பத்துக் காப்பிதான் என்றாலும், ஆட்கள் அதை இன்னும் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள். ஆய்வுகளின் நேர்மையை நான் ஐயுறவில்லை. ஹல்லின் எலிகளிடம் முதுகுப்பை இல்லை என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். கிவெட்ஸின் வாடிக்கையாளர்கள் மேட்டில் ஏறிக் கடைக்கு வரவில்லை.

கோட்பாட்டு விளக்கத்துக்கு நாம் கிரேக்கத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பார்கள். மீதித் தூரத்தில் பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று போனால் சேரவே முடியாது என்றார் ஜீனோ. இதற்குக் கிரேக்கம் வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடமே போதும். அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்த கீழ்வாய் இலக்கம் இந்தப் பாதைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. முந்திரி என்றால் 320-இல் 1 பங்கு. கீழ்முந்திரி என்றால் 102400-இல் 1 பங்கு. ஒரு மைலில் கீழ்முந்திரி ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். அதாவது தமிழ்க் கணக்கு நம்மைக் கடை வாசலுக்கு 16 மில்லிமீட்டர் தொலைவில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. கிரேக்கத் தத்துவம் இவ்வளவு நெருங்கியதாகத் தெரியவில்லை. நண்பர் கணக்காளர் என்பதால் இதை அவரிடம் சொன்னேன். அப்போது பேசும் நிலையில் அவர் இல்லை.

கடை வந்தது. அதை விவரிக்கப்போவதில்லை, அடைந்த ஓய்விடம் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது. தெற்கே கென்ட் பக்கம் சரியும் புல்வெளி அழகாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நெருங்கியும் அடைய முடியாத ஓய்விடங்கள் என்று தனி வகை ஒன்று லண்டனில் உண்டு. தேம்ஸ் பாதையின் வடகரையில், டெம்பிள் பக்கம், சாலையோரத்தில் பச்சை வண்ணம் பூசிய சிறு மரக்குடில் ஒன்று நிற்கும். பன்றி இறைச்சி பொரியும் வாசனை வரும். வாடகை வண்டிக்காரர்களுக்காக 1875-இல் தொடங்கிய அறக்கட்டளை கட்டியது. வண்டியைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு நகரக் கூடாது என்ற விதியால் அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் மழையிலும் பனியிலும் வெளியிலேயே உட்கார்ந்திருக்க, கேப்டன் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பத்திரிகை ஆசிரியர் முன்னின்று இதை ஆரம்பித்தார். பொதுச் சாலையில் நிற்பதால் ஒரு குதிரை வண்டியின் அளவை மீறக் கூடாது. குடி, சூதாட்டம், கெட்ட வார்த்தை கூடாது. நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் தொங்கும் “இங்கு அரசியல் பேசாதீர்” பலகைக்கு லண்டன் அண்ணன் இதுதான். அங்கும் அரசியல் பேசத் தடை இருந்தது. 61 குடில்கள் கட்டினார்கள், 13 மிஞ்சியிருக்கின்றன. உள்ளே உட்கார உரிமை வண்டி ஓட்டுநருக்கு மட்டும். நடந்து வருபவர் சன்னல் வழியாக வாங்கிக்கொண்டு வெளியே நிற்கலாம். நூறு மைல் நடந்து வந்தவன் நிற்க, நாளெல்லாம் உட்கார்ந்தே வந்தவர் உள்ளே உட்காருகிறார். இதில் ஒரு நீதி இருக்கிறது என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். இருக்கட்டும்.

இனி ஆய்வின் முடிவுக்கு வருவோம். கடைசி அரை மைல் நீள்வதற்குக் காரணம் நாற்காலி. உட்காருவதை நினைத்துத்தான் உடம்பு முன்கூட்டியே கட்டுத் தளர்கிறது. சுமையாளுக்கு நாற்காலியால் உண்மையில் பெரிய பயனும் இல்லை. பையோடு உட்கார்ந்தால் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பையைக் கழற்றினால் அது தரைக்குப் போகும். தேநீர் குடித்து, கால் மரத்து, இடுப்புப் பிடித்த பிறகு அந்தப் பத்துக் கிலோ அரிசியைத் தரையிலிருந்து தோளுக்கு ஏற்ற வேண்டும். வந்த வழியெல்லாம் சுமந்ததைவிட அந்த ஒரு ஏற்றம் பெரிது. என் நண்பரை இருவர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

இதை நம் முன்னோர் கண்டுபிடித்துத் தீர்த்தும் வைத்தார்கள். சுமைதாங்கிக் கல். நட்ட கல் இரண்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக்கல், தோளுக்கோ மார்புக்கோ எட்டும் உயரத்தில். சந்தைக்குப் போகிறவர் குனியாமல், யாரையும் “கொஞ்சம் ஒரு கை பிடிங்க” என்று கெஞ்சாமல், மூட்டையை அதன்மேல் நகர்த்தி வைத்துவிட்டு நின்றபடியே மூச்சுவிடலாம். கிளம்பும்போது மறுபடி தலைக்கோ தோளுக்கோ நகர்த்திக்கொள்ளலாம். பெரும்பாலும் கருவுற்ற நிலையில், பிள்ளையை இறக்கிவைக்க முடியாமல் இறந்த பெண்ணின் நினைவாக அவர் குடும்பத்தார் நட்டவை. தமிழ்நாட்டுப் பழைய சாலையோரங்களில் இன்னும் நிற்கின்றன. பலவற்றில் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது.

லண்டனிலும் ஒரு சுமைதாங்கி உண்டு. பிக்காடிலியில், ஹைட் பார்க் கார்னர் பக்கமாக, க்ரீன் பார்க் வேலியை ஒட்டிய நடைபாதையில். இரும்புத் தூண் இரண்டின்மேல் கனத்த மரப்பலகை, தோளுயரம். கல்லுக்குப் பதில் இரும்பும் மரமும், மற்றபடி அதே அமைப்பு. மூட்டை சுமக்கும் கூலியாட்களுக்காகவும் மற்றச் சுமையாளர்களுக்காகவும் 1861-இல் வட்டார நிர்வாக சபை நிறுவியது. யோசனை சொன்னவர் ஷ்ரூஸ்பரித் தொகுதிக்குப் பல ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராபர்ட் ஸ்லேனி. இந்த மனிதரைச் சும்மா கடந்து போக முடியாது. நகரத்து உழைப்பாளிகள் காற்று வாங்க நடப்பதற்கு இடமில்லையே என்று 1833-இல் நாடாளுமன்றம் ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைவர் இதே ஸ்லேனி. மக்கள் நடக்க இடம் வேண்டும் என்று முதலில் வாதாடிவிட்டு, நடப்பவர் மூட்டையை வைக்க இடம் வேண்டும் என்று இருபத்தெட்டு ஆண்டு கழித்துச் சொன்னவர். இத்துறையின் தந்தை என்று அவரை இக்கட்டுரை முன்மொழிகிறது.

அந்தப் பலகைக்கு முன்னால் நாற்காலி கிடையாது, தேநீர் கிடையாது, ஆர்டர் சொல்லிப் பார்க்க ஒன்றுமில்லை. ஆகவே அதை நெருங்கும்போது யாருக்கும் மைல் நீளாது. அதன் எதிரே இன்று விலையுயர்ந்த ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் இறங்குபவர்களின் பெட்டிகளுக்குச் சக்கரம் இருக்கிறது. வருடக்கணக்கில் எவரும் எதையும் வைக்காத பலகை. 2014-இல் அது காணாமல் போய்விட்டது. பிறகு அதே அமைப்பில் ஒரு நகல் செய்து வைத்தார்கள். இப்போது நிற்பது அது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிக்காடிலி வழியாகப் போக நேர்ந்தால் தெற்குப் பக்க நடைபாதையில் வாருங்கள். கையில் பை எதுவானாலும், டூட்டிங் கடையில் வாங்கிய முருங்கைக்காயானாலும் சரி, அந்தப் பலகைமேல் ஒரு நிமிடம் வைத்துவிட்டு எடுங்கள். யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் ஸ்லேனியின் பெயரைச் சொல்லுங்கள்.